மேடைக்குப் போகும் வரிசை

அம்மாவிடம் சொல்ல யசோதினிக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்டால், கிடைக்கவில்லை என்பதுதான் பதில். வீட்டில் அம்மா நகுலேஸ்வரி நின்றால் அடுப்படியில், இருந்தால் போனில். அப்பா சச்சிதானந்தனோ வேலை முடிந்து வந்தால் சோபா, சோபாவில் சாய்ந்தால் குறட்டை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வால்தம்ஸ்டோவில் ஒரு ஹோலில் சந்திரவதனா அன்ரியின் மகளுக்குச் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. பெரியபிள்ளையானவள் மேடையில் இளவரசி மாதிரி அமர்ந்திருப்பாள். வந்த சனமெல்லாம் குடும்பம் குடும்பமாக ஏறி, அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு மறுபக்கத்தால் இறங்கிச் சாப்பிடப் போகவேண்டும். அந்த வரிசையில் மட்டும் நகுலேஸ்வரி அசையாமல் நிற்பாள். அசைந்தால் சேலை மடிப்புக் குலைந்துவிடும்.

வரிசையிலேயே சொல்லிவிடுவது என்று யசோதினி முடிவெடுத்தாள். இந்த மாதிரி மடத்தனமான யோசனை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு வரும்?

அவள் டென்மார்க்கில் பிறந்து, சிறுவயதில் நோர்பரிக்கு வந்தவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல், கடைசி வருடம். எழுதச் சொன்னால் வெளுத்து வாங்குவாள். போன வருடம் ஒரு கட்டுரை எழுதினாள்: இப்போது யாரும் யாரோடும் பேசுவதில்லை, அறிவிக்கிறார்கள், மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்பதையே திருத்திக்கொண்டிருப்பதில், தெரிவதற்கு உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது என்று. விரிவுரையாளருக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. இதையே வகுப்பில் பேசு, அதற்குப் புள்ளி உண்டு, பதிவும் செய்வோம் என்றார். அங்கேதான் வினை வந்தது. எழுந்து நின்றவள் மடிக்கணினித் திரையின் மூலையில் தன் முகத்தைக் கண்டாள். வாய் அரைகுறையாகத் திறந்திருந்தது. இந்த முகத்தையா எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்ததுதான் தாமதம், குரல் வரவில்லை. தமிழ் இல்லை, ஆங்கிலம் இல்லை, ஒன்றுமே இல்லை. பையைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. காலையில் வழக்கம்போல வெளிக்கிடுவாள், ஸ்ட்ரெதம் நூலகத்தில் சுவரைப் பார்த்த மேசையில் இருப்பாள், மாலையில் திரும்புவாள். இடைக்கிடை பல்கலைக்கழகத்தில் முன்பு எடுத்த படம் ஒன்றை, ஏதோ இன்றுதான் எடுத்ததுபோல, இன்ஸ்டாகிராமில் போடுவாள். இதயங்கள் குவியும். இத்தனைக்கும் அந்தக் கட்டுரையை எழுதிய அதே கைதான் இது! தான் இல்லாமல் போனாலும் இந்தப் படங்கள் தொடர்ந்து வந்தால் போதும், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது என்று ஒருநாள் ரயில் மேடையில் நிற்கும்போது தோன்றியது. அந்த நினைப்பு வந்த விதம், ஏதோ வீட்டு ஆள் கதவைத் திறந்து வருவதுபோல அவ்வளவு சாதாரணமாக வந்த விதம், அவளைக் குலைநடுங்க வைத்தது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்.

பல்கலைக்கழகம் கடைசித் தவணை கொடுத்திருந்தது. நாளை, திங்கட்கிழமை, நேரில் வந்து காரணத்தைச் சொன்னால் இன்னொரு முறை பார்க்கலாம். வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம். விரும்பினால் துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம். அவளுக்கு வேண்டியது அந்தத் துணை. அம்மா பக்கத்தில் இருந்தால் போதும், வாயே திறக்கவேண்டாம்.

வரிசை நகர்ந்தது.

"அம்மா, நான் யூனிக்குப் போறேல்லை."

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லே பிள்ளை?" நகுலேஸ்வரி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பிள்ளைக்கு மேக்கப்பைக் கொஞ்சம் அப்பிப்போட்டாளவை."

"இண்டைக்கு இல்லையம்மா. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருநாளும் போகேல்லை."

இப்போது திரும்பினாள். "அப்ப காலமை காலமை பையோட எங்கை போறனி?"

"லைப்ரரிக்கு. என்னாலை ஒருத்தரோடயும் கதைக்க ஏலாமக் கிடக்கு. வகுப்பிலை எழும்பி நிண்டன், குரல் வரேல்லை."

"கொப்பாக்குத் தெரியுமோ?"

"அப்பாக்கும் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்குப் போய்ச் சொல்லாட்டி என்னை நிப்பாட்டிப்போடுவினம். தனியப் போகப் பயமாக் கிடக்கம்மா. எனக்கு இப்ப எல்லாத்துக்கும் பயமாக் கிடக்கு. நீங்கள் என்னோட வாங்கோ."

சொல்லிவிட்டாள். மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. நகுலேஸ்வரியின் முகத்தில் இரத்தமே இல்லை. அவள் மகளின் கையைப் பிடித்தாள். எதையோ சொல்ல உதடு பிரிந்தது. அந்த நேரம் பார்த்து முன்னால் நின்ற குடும்பம் இறங்கிவிட்டது.

"வாங்கோ அன்ரி, வாங்கோ!" என்று படம் எடுக்கிற பையன் கூப்பிட்டான்.

ஏறத்தான் வேண்டியிருந்தது. பின்னால் பெரிய திரையில் இருவரும் ஆளுயரத்துக்குத் தெரிந்தார்கள். யசோதினி அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"அக்கா, இஞ்சை பாருங்கோ. ஒரு ஸ்மைல்!"

அவளால் முடியவில்லை. பையன் கமராவை இறக்கிவிட்டுக் காத்துநின்றான். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நகுலேஸ்வரி பல் தெரியச் சிரித்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்: "சிரி பிள்ளை. எல்லாரும் பாக்கினம்."

அவள் சிரித்தாள். பாவி, நன்றாகவே சிரித்தாள்.

இறங்கிச் சாப்பாட்டு மேசைக்கு வந்தும் அம்மா கையை விடவில்லை. நகம் தோலில் பதிந்து வலித்தது. அந்த வலி யசோதினிக்கு ஆறுதலாக இருந்தது. அம்மாவுக்கு விளங்கிவிட்டது, வருவாள் என்று நம்பினாள். அதற்குள் கனகவல்லி மாமி சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து முன்னால் குந்திவிட்டார். ஊர்ப் புதினமெல்லாம் அவர் வாயைத் தாண்டித்தான் போகும்.

"யசோக்குக் கடைசி வருஷமெல்லே? படிப்பெல்லாம் என்ன மாதிரி?"

கேள்வி நகுலேஸ்வரிக்குத்தான். அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கண் கலங்கத் தொடங்கியது. மாமியின் பார்வை அம்மாவின் முகத்திலிருந்து மகளின் முகத்துக்கு வந்தது. இன்னும் ஒரு கணம் போனால் அம்மா இத்தனை சனத்துக்கு நடுவில் உடைந்துவிடுவாள். யசோதினியால் அதைத் தாங்க முடியவில்லை.

"நல்லாப் போகுது மாமி," என்றாள். "கடைசிக் கட்டுரை ஒண்டுதான் கிடக்கு. கோடைக்குப் பட்டமளிப்பு. நீங்கள் கட்டாயம் வரவேணும். அம்மாதான் நான் படிச்சுப் படிச்சு மெலிஞ்சுபோனன் எண்டு கவலைப்படுறா."

ஒரு தடங்கல் இல்லை. சொல்லுக்குச் சொல் தானாக வந்தது. சிரிப்பும் சேர்ந்தே வந்தது. மாமிக்குப் பரம திருப்தி. வாழ்த்திவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நகுலேஸ்வரி நீளமாக மூச்சுவிட்டாள். பிடி தளர்ந்தது. ரிஷ்யூத் தாளால் கண்ணை ஒற்றிக்கொண்டு, மகளின் கோப்பையில் ஒரு வடையை வைத்தாள்.

"அம்மா," யசோதினி மெல்லக் கேட்டாள். "நாளைக்கு வாறீங்கள்தானே?"

"நான் வந்து என்னடி செய்ய? எனக்கென்ன இங்கிலீஷா தெரியும்?" நகுலேஸ்வரி அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள். முகத்தில் பழைய நிறம் வந்திருந்தது. "இப்ப மாமியோட எவ்வளவு வடிவாக் கதைச்சனி. அங்கையும் அப்பிடியே போய்க் கதையன்."