புனிதவதி விழுங்க மறுத்த வசனம்

பாரிஸின் லா சப்பலில் புனிதவதியின் வாயை வாடகைக்கு எடுக்காத ஆளில்லை. விசா விசாரணை, பள்ளிக்கூடம், பிரசவ அறை, எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாளர் அவள்தான். பிரெஞ்சு அவளை ஒருநாளும் படுத்தியதில்லை. படுத்துவதெல்லாம் எங்கள் ஆட்கள்தான். "இதை மட்டும் அவவுக்குச் சொல்லாதேங்கோ அக்கா" என்று ஆஸ்பத்திரியில் கணவன்மார் காதைக் கடிப்பார்கள். போன மாதம் புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து ஒருத்தி வந்தாள். கருவைக் கலைக்க வழி இருக்கிறது என்று யாருமே அவளுக்குச் சொல்லவில்லை. தெரிந்து வந்தபோது சட்டம் தந்த தவணை கடந்துவிட்டது. டாக்டரின் "முடியாது" என்ற சொல்லைத் தமிழில் சொன்னது புனிதவதியின் வாய். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, சங்கத் தலைவர் கனகசுந்தரம் பொங்கல் விழாவுக்கு எம்பி ஷார்லோத்தை அழைத்தார். கருக்கலைப்புத் தவணையைப் பதினான்கு வாரமாக நீட்டிய சட்டத்துக்காகப் பாராளுமன்றத்தில் மல்லுக்கட்டியவர்களில் அவரும் ஒருவர். வரவேற்புரையில் அதைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

"அவ அந்தக் கதையை எடுத்தா, பெண்கள் சுகாதாரம் எண்டு சமாளிச்சு விடும் பிள்ளை. எல்லாரும் குடும்பமாய் வந்திருக்கினம்," என்றார் கனகசுந்தரம், மேடையில் மொழிபெயர்க்க வந்த புனிதவதியிடம்.

"அப்ப என்னத்துக்கு அண்ணை அவவுக்குப் பொன்னாடை? குளிருதெண்டோ?"

ஷார்லோத் அந்தக் கதையைத்தான் எடுத்தார். புனிதவதி ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னாள். "பதினாலு கிழமை வரைக்கும் கருவைக் கலைக்கலாம். மனுசன்ரை கையெழுத்துத் தேவையில்லை. இதுக்காகத்தான் நான் சண்டை பிடிச்சனான்."

கனகசுந்தரம் பாய்ந்து வந்து மைக்கைப் பறித்தார். "மன்னிக்கோணும், மொழிபெயர்ப்பிலை சின்னப் பிழை."

ஆண்கள் பக்கம் சிரித்தது. ஒன்றும் விளங்காத ஷார்லோத் கைதட்டினார். புனிதவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழையாம்! போன் பில்லைக்கூட அவளிடம் கொண்டுவந்து வாசிப்பிக்கிற மனுசன்! தன் மானம் போனால் போகட்டும். கேட்ட பெண்கள் அதைப் பொய்யென்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவார்களே என்பதுதான் அவளைச் சுட்டது.

கோட்டை எடுக்கப் போன இடத்தில், வன்னியிலிருந்து வந்து ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவும் தயானி அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்தக் கையெழுத்து விசயம் பிழையோ?"

"அவர் சொன்னதுதான் பிழை. நான் சொன்னது சட்டம்."

"அப்ப நாளைக்கு என்னோடை ஆஸ்பத்திரிக்கு வருவீங்களோ?"

"ஓம், நாளைக்கே வாறன்."

தயானி போன பிறகும் ஒருத்தி சேலைத் தலைப்பைக் கசக்கியபடி நின்றாள். கனகசுந்தரத்தின் மருமகள் தாட்சாயினி.

"மாமா மேடையாலை இறங்க முதல் சொல்லுங்கோ அக்கா," என்றாள். "எனக்கும் வருவீங்களோ?"