யானை நிற்கும் தரை

கடையில் ஆணி நிறுத்துப் போட்டே தலை நரைத்தவருக்குத் தெருவில் 'இன்ஜினியர்' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். அவரோ அதைப் பட்டம் மாதிரி சுமந்து திரிந்தார். அவர் ரிப்பேர் செய்த குழாய் மூடினால் சொட்டும், திறந்தால் சொட்டாது. அவர் இழைத்த கதவைச் சாத்த இரண்டு ஆள் வேண்டும். இந்த மகானுக்குத்தான் தையல்காரி வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாடி அறையின் ஜன்னலோரத்தில் மிஷினைப் போட்டு அவள் மிதித்த மிதியில்தான் குடும்பம் ஓடியது.

விறகடுப்பு போய் கேஸ் வந்த பிறகும், சமையலறையில் பழைய புகைபோக்கி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மாடித் தரையைத் துளைத்து, ஜன்னலை ஒட்டி ஏறிக் கூரைக்கு மேலே தலை நீட்டிய செங்கல் கட்டு அது. அதை எடுத்தால் கீழே ஃப்ரிட்ஜ் வைக்கலாம் என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"கொத்தனார் எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சுத்தியலை எடுத்தவர், அடியிலிருந்து இடிக்க ஆரம்பித்தார்.

"மேல இருக்கிறதை யாருங்க தாங்குவா?"

"கட்டினவன் கீழருந்துதானே கட்டினான்? இடிக்கிறதும் அப்படித்தான். நீ போய் ஊசியில நூலைக் கோரு."

அடிப்பகுதி போனதும் மேல்கட்டு நறநறவென்று இறங்கியது. தூசி அடங்குவதற்குள் இன்ஜினியர் தெருவில் நின்றார். கொத்தனார் வந்து முட்டுக்கொடுத்து, கூரையிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, கூரை ஓட்டையை ஓடு போட்டு மூடினார். மாடித் தரையில் விழுந்த ஓட்டைக்கு இரும்பு உத்திரம் கொடுக்கவேண்டும் என்றார்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாதவர் இன்ஜினியர். கொத்தனாரை அனுப்பிவிட்டு, நாலு பலகையைச் செருகி மேலே சிமெண்ட் பூசினார். "யானையே நிக்கும்! மிஷினை இது மேலயே போட்டுக்கோ. வெளிச்சம் நல்லா வரும்."

"உத்திரம் இல்லாமலா?"

"பாரத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

அவளுக்கா தெரியாது? இத்தனை வருஷமாக ஒரு பாரத்தோடுதானே குடித்தனம் நடத்துகிறாள். இடிக்கும்போது இருட்டு மூலைக்கு ஒதுக்கிய மிஷினை அவள் அங்கே நகர்த்தவில்லை. வெளிச்சம் இல்லாமல் வேலை ஓடவில்லை; தைக்க வந்த துணி மூட்டை மூட்டையாகத் தேங்கியது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அண்ணன் தும்மினாலும் மெச்சுகிற தங்கை. மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். "அண்ணன் கை பட்டா கை பட்டதுதான்!" என்று பூரித்தாள் அவள்.

தையல்காரி அவருடைய நாற்காலியைத் தூக்கி வந்து, புதுப் பூச்சின் நடுவில் வைத்தாள்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"யானை நிக்கும்னீங்களே. சும்மா உக்காருங்க."

"உக்காருண்ணா!" என்றாள் தங்கை, கள்ளமில்லாமல்.

இன்ஜினியர் மூக்கின்மேல் இருந்த கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடினார். முட்டி வலிக்கிறது என்றார். சிமெண்ட் இன்னும் காயணும் என்றார். ஒரு காலைக்கூட முன்னால் வைக்கவில்லை.

தனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் தையல்காரி நினைத்திருந்தாள். வரவில்லை.

"தெரிஞ்சேதான் என்னை அங்க உக்காரச் சொன்னீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். நாத்தனார் பூச்சின் ஓரத்தில் இருந்த தன் காலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.