அக்காவின் கத்திக்குப் புதுப் பிடி

மாசி மகத்துக்கு மறுநாள் என் அக்கா மீன் சந்தை வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பங்குனிக் கடைசியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கட்டைவிரல் முழுதாக மடங்கவில்லை. மெல்லிய பிடி உள்ள எந்தப் பொருளும் அவள் கையில் நிற்காமல் சுழன்றது.

அக்கா உச்சிப்புளிப் பக்கத்துச் சந்தையில் மீன் வெட்டிக் கொடுப்பவள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகு மீன் வந்திறங்கும் முதல் காலையில் யார் எந்த இடத்தில் வெட்டுக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து வெட்டுகிறார்களோ, அந்த வருஷம் முழுக்க அந்த இடம் அவர்களுக்கு. வெறும் கட்டையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க முடியாது, வெட்ட வேண்டும். அக்காவின் இடம் தண்ணீர்க் குழாயை ஒட்டியது. அதன் மேல் பலருக்குக் கண்.

தடைக்காலம் தொடங்கிய வாரத்திலேயே அவள் அவசரப்பட்டாள். இரண்டு கத்திகளில் ஒன்றைக் கிரில் பட்டறையில் கொடுத்து, பிடிக்குப் பதிலாகத் தடித்த இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து வாங்கி வந்தாள். பார்க்க அழகாக இருந்தது. பிடியை ஒட்டிய பகுதி மட்டும் நீலம் பாய்ந்திருந்தது. வீட்டில் ஒரு சீலா மீன் தலையில் வைத்து அழுத்தினாள். முள்ளில் பட்ட நீலப் பகுதியில் கத்தியின் வாய் தகரம் போல மடிந்தது.

சூடேறும் எஃகு முதலில் வைக்கோல் நிறம் காட்டும். பிறகு பழுப்பு, ஊதா, நீலம். நீலம் வந்த இடத்தில் கத்திக்கு வேண்டிய கடினம் போய்விடுகிறது. பழைய பட்டறைப் புத்தகம் ஒன்றில் படித்ததை அக்காவிடம் சொன்னேன்.

"இத முன்னாடியே சொல்ல வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்துச்சு?"

"என்னையக் கேட்டுட்டா போன?"

"சரி விடு. இருக்கிறது இன்னும் ஒண்ணு. அதுல தீ படக் கூடாது. பிடி தடிக்கணும், கழுத்து ஆடக் கூடாது. என்ன செய்வியோ செய்யி."

அந்தக் கத்தி பழைய லாரி வில்பட்டை எஃகில் கொல்லர் அடித்தது. மரப்பிடியைச் சுட்டெடுக்காமல் உளியால் பிளந்து எடுத்தேன். பிடிக்குள் இருந்த வால், கொல்லர் தண்ணீரில் தோய்க்காமல் விட்ட பகுதி, மென்மையாக இருந்தது. அதில் மட்டும் தண்ணீர் ஊற்றி ஊற்றித் துளை போட்டேன். இருபுறமும் துருப்பிடிக்காத பட்டை வைத்து, பிடியும் அலகும் சேரும் கழுத்தைத் தாண்டிச் சற்று நீளவிட்டு, சூடு காட்டாமலே ரிவிட் அடித்தேன். பிடியின் அளவுக்காக, பிசைந்த மைதா உருண்டை ஒன்றை அக்கா முடிந்தவரை இறுக்கிப் பிடித்தாள். வெயிலில் காய்ந்த அந்த உருண்டையை அளந்தபோது பிடி எவ்வளவு தடிமன் வேண்டும் என்று தெரிந்தது.

அந்தத் தடிமனுக்கு ஃபைபர் படகுகளில் ஓட்டை அடைக்கும் பக்கத்துத் தெருக்காரரைக் கூப்பிட்டோம்.

"வெல்டிங் எதுக்குண்ணே? ரெசின் இருக்கையில. வால்மேல பிளாஸ்டிக் குழாயச் செருகி ஊத்திவிட்டா சாயந்தரம் அக்கா மீன் வெட்டலாம்."

தீயில்லாத வேலை என்று நானும் நம்பினேன். ஈர மணல் வாளியில் கத்தியைத் தலைகீழாக நட்டோம். ரெசின் இறுகும்போது தானாகவே சூடேறும். படகில் அது மெல்லிய படலமாகப் பரவும். சூடு உடனே காற்றில் போய்விடும். அவர் கை அந்தக் கணக்குக்குப் பழகியது. ரெசினை இறுக்கும் ஹார்ட்னரைத் தாராளமாகக் கலந்து குழாய் நிறைய ஊற்றினார். வைகாசி வெயில் வேறு. சற்று நேரத்தில் குழாய் நெளிந்தது. மேலே புகை கிளம்பியது.

"ஏலே, புகையுதுடா!" என்று அக்கா கத்தினாள்.

வாளி வழிய மணலில் தண்ணீர் ஊற்றினேன். ஆறியதும் குழாயை உடைத்தோம். ரெசின் கோடையில் வறண்ட கண்மாய்த் தரையாக வெடித்திருந்தது. கத்தியின் கழுத்தில் பழுப்புக் கறை.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுவும் போச்சா?"

"தெரியல. புகைக் கறையாவும் இருக்கலாம்."

"புளி போட்டுத் தேய்ச்சா தெரிஞ்சிரப் போகுது."

"புளி புகைக் கறை, சூட்டு நிறம் ரெண்டையும் எடுத்துரும். அப்புறம் எது இருந்துச்சுன்னே தெரியாது."

படகுக்காரர் தன் அசிட்டோன் புட்டியை நீட்டினார். ரெசின் புகையை அது கரைக்கும். சூட்டால் வந்த நிறத்தைத் தொடாது. துணியில் நனைத்துத் துடைத்தேன். கறை துணிக்கு வந்துவிட்டது. அடியில் எஃகு பழைய சாம்பல் நிறத்திலேயே இருந்தது. அரத்தைக் கத்தியின் வாயோரம் இழுத்துப் பார்த்தேன், பிடிக்காமல் வழுக்கியது. கடினம் போகவில்லை.

படகுக்காரர் தலையைச் சொறிந்தார். "மன்னிச்சுக்கக்கா. படகுன்னு நெனச்சு ஊத்திட்டேன்."

"ஊத்துனது போதும். இனி சுத்து. ஒரு சுத்து காயாம அடுத்த சுத்து கெடையாது. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

அப்படியே செய்தோம். கண்ணாடி இழைத் துணியை ரெசினில் நனைத்து நாளொன்றுக்கு ஒரு சுற்று. நான் ஒவ்வொரு சுற்றுக்கும் தேதி போட்டு வைப்பதைப் பார்த்து அக்கா, "ஏலே, கத்திக்கு ஜாதகமா எழுதுற?" என்றாள். ஒவ்வொரு முறையும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. மைதா உருண்டையின் அளவு வந்ததும் அவள் விரல்கள் படியும் இடங்களை அரத்தால் தேய்த்தேன். விரல் படியாத இடத்தில் அவளே அரத்தை வாங்கி இடது கையால் தேய்த்தாள்.

விசைப்படகு மீன் வந்த காலை, விடிவதற்குள் நாங்கள் சந்தையில் இருந்தோம். குழாயடியில் கட்டையைப் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண் அவள் கையைப் பார்த்தாள்.

"என்ன மதினி, பிடி ஒலக்க மாதிரி இருக்கு?"

"ஒலக்கதான். ஒந் தலைக்கும் தாங்கும். நீட்டிப் பாக்குறியா?"

முதலில் வந்தவர் பெரிய பாறை மீன் ஒன்றைக் கொண்டுவந்து கட்டையில் போட்டார். செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்து, வலக்கையால் பிடித்து, இடது உள்ளங்கையைக் கத்தியின் முதுகில் ஊன்றி உடம்போடு சாய்ந்தாள். கழுத்து ஆடவில்லை. எலும்பு நறுக்கென்று விட்டது. கத்தியைத் தூக்கி, வாயை ஒரு கண்ணால் நோட்டம் விட்டாள், மடியவில்லை.

முன்பிருந்த வேகம் இல்லை. இரண்டாவது மீனுக்கே மணிக்கட்டைக் குழாய்த் தண்ணீரில் காட்டினாள். வரிசையில் ஒருவர் முனகினார்.

"அவசரம்னா அங்கன போங்க. இங்கன நிக்கிறவுகளுக்கு நான் வெட்டாம எந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கட்டையில் கவிழ்த்தாள்.