பெருமாளுக்கு வைத்த முதல் சம்பங்கி

விஷ ஜுரத்தில் நான் பிழைத்துவிட்டேன். என் மூக்கு பிழைத்ததா என்றுதான் தெரியவில்லை. அடுப்பில் சாற்றமுது, அதுதான் ரசம், தளதளவென்று கொதிக்கும், மணம் வராது. சில நாள் ஏதோ வருகிற மாதிரியும் இருக்கும். மூக்கு சொல்கிறதா, மனசு கற்பித்துக்கொள்கிறதா? யாரைக் கேட்பது? கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூக்கு போன மாட்டுப்பெண் வேண்டாம் என்று பிறந்தகத்துக்கே அனுப்பிவிட்டால் என்ன செய்வேன்?

மாமியாருக்குக் கொல்லைத் தோட்டம்தான் உயிர். மல்லியும் மரிக்கொழுந்தும் முதலில் அகத்துப் பெருமாளுக்கு. பறிக்கிறவள் முகரக் கூடாது. அந்தச் சட்டம்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆனால் தானாக வருகிற வாசனைக்கு ஏது சட்டம்? "மல்லி விரிஞ்சுடுத்து போலிருக்கே, நீ பாக்கலையா?" என்று அடுக்களைக்குள்ளிருந்து மாமியார் கேட்பார். செடிக்குப் பக்கத்திலேயே நிற்கிற நான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிப்பேன். என் மூக்கின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வரும்.

என் கணவருக்குப் பொன்மலையில் ரயில்வே குமாஸ்தா வேலை. அங்கே ஒரு துரை பங்களாத் தோட்டக்காரரிடம் சம்பங்கிக் கிழங்கு வாங்கி வந்தார். கிணற்றடியில் நட்டேன். முதல் தண்டில் அடிமொக்கு விரிந்த சாயங்காலம், மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். அதற்குமேல் என்னால் மென்று முழுங்க முடியவில்லை.

"ஏன்னா, ஜுரத்துக்கப்புறம் எனக்கு வாசனையே தெரியலை" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் அரிவாளால் அந்தத் தண்டை நறுக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஐயோ, முதல் பூ. பெருமாளுக்குன்னா இது?"

"பெருமாள் ஒண்ணும் சொல்லமாட்டார். மோந்து பாரு."

இழுத்து இழுத்து முகர்ந்தேன். இதழ் மூக்கு நுனியில் ஜில்லென்று பட்டது. அவ்வளவுதான்.

"ஒண்ணுமே இல்லைன்னா."

அவர் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அசடு, இது பங்களா ஜாதி. பாக்கத்தான் அழகு. எனக்குந்தான் ஒரு வாசனையும் வரலை."

அப்பாடா என்றிருந்தது. கோளாறு பூவில்தான், என்னிடம் இல்லை. இதற்கா இத்தனை நாள் பயந்து செத்தேன்? சிரித்துக்கொண்டே செம்பில் தண்ணீர் ஊற்றித் தண்டை நிறுத்தி வைத்தேன்.

மாமியார் வாசற்படி ஏறும்போதே குரல் வந்தது. "சம்பங்கி விரிஞ்சுடுத்தாடி? தெருக்கோடி வரைக்கும் மணக்கறதே."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பூவை அவர் தன் மூக்குப் பக்கம் கொண்டுபோகவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்காகப் பொய் சொன்னவரை நினைத்து உருகுவதா, போயே போய்விட்ட மூக்கை நினைத்து அழுவதா?

மாமியார் கைகால் அலம்பிக்கொண்டு வந்தார். "முதல் பூவாச்சே. மோந்து கீந்து பாத்துடலையே?"

மூக்கே இல்லாதவள் முகர்ந்தால் அது முகர்ந்ததாகுமா?

"இல்லைம்மா" என்று சொல்லி, தண்டை அவர் கையில் கொடுத்தேன்.