துரோகிக்கு ஒரு தில்பசந்த்

கட்சி உடைந்தபோது எனக்கு வயது எட்டு. கொள்கை உறுதி எண்பது வயதுக்காரருக்கு உரியது.

லிங்கராஜபுரத்தில் கீழ்வீட்டில் பெரியப்பா, மாடியில் நாங்கள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே கட்சி. வார்டு தேர்தலுக்கு டிக்கெட் பெரியப்பாவுக்குப் போனது. அப்பாவைப் போலவே டிக்கெட் கிடைக்காதவர்கள் கூடி, அதே கட்சிப் பெயருக்கு முன்னால் 'உண்மையான' என்று சேர்த்துப் புதுக்கட்சி கண்டார்கள். அப்பா அதன் வேட்பாளர்.

பெரியப்பா ஒரு துரோகி என்று அப்பா மைக்கில் சொன்னார். அதையே நான் படிக்கட்டில் நின்று கத்தினேன். தொண்டர்கள் சிரித்தார்கள். அப்பா பேக்கரியில் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு பெரியப்பா ஸ்கூட்டரை எடுக்கும்போதெல்லாம் என் பிரச்சாரம்தான். அவர் மகனோடு, அதாவது எனக்கிருந்த ஒரே கேரம் கூட்டாளியோடு, சண்டை என்று காய் விட்டேன்.

"நான் என்னடா பண்ணேன்?" என்றான்.

"உங்க கட்சியக் கேளு."

கேரம் போர்டு கீழ்வீட்டில் இருந்ததை நான் யோசித்திருக்கலாம். பெரியம்மா கொடுத்தனுப்பிய மீன் குழம்பையும் நான் தொடவில்லை. அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

தேர்தலில் இருவருமே தோற்றார்கள். சில வாரங்களில் கல்யாண மண்டபத்தில் ஏதோ விழா என்று அப்பா என்னையும் கூட்டிப்போனார். இணைப்பு விழா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியப்பா சால்வையோடு மேடையேறினார். நான் நாற்காலி மேல் ஏறி, மண்டபம் அதிர "துரோகி!" என்று கத்திவிட்டு, தில்பசந்துக்காக மேடையிலிருந்த அப்பாவைப் பார்த்தேன்.

இறங்கி வந்து காதைத் திருகினார். "சும்னிருடா! பெரியப்பாவ இப்டியா பேசுவ?"

"விடுப்பா," என்று பெரியப்பா மைக்கிலேயே சிரித்தார். "சின்னவரு இன்னும் போன மாச பேப்பரயே படிச்சிட்டிருக்காரு."

சிவந்த காதோடு பின்வரிசைக்குப் போனேன். அங்கே என் கேரம் கூட்டாளி அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"பழமா?" என்றேன்.

கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு, "பழம்," என்றான். எங்கள் தெரு வழக்கப்படி ஒரு சாட்சி வேண்டும். தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த அக்காவை நிறுத்திவைத்து, விரலோடு விரல் தொட்டுக்கொண்டோம்.

மேடையில் அப்பாவும் பெரியப்பாவும் சால்வை போர்த்திக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். பழம் விடவே இல்லை. இது செல்லாது என்றேன். அண்ணனும் ஆமாம் என்றான்.

அவர்கள் காயே விட்டிருக்கவில்லை என்பது, சில வருடங்கள் கழித்துக் கட்சி மறுபடியும் உடைந்து, கீழிருந்து மீன் குழம்பு வழக்கம்போல மாடியேறி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.