ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர்

கார் ரிப்பேரில் என்னை மிஞ்ச திண்டுக்கல்லில் ஆள் கிடையாது என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டவர் என் சின்னத்தா. அப்பாவை நாங்கள் அத்தா என்போம், அவர் தம்பி சின்னத்தா. மூன்று வருஷமாக அவர் ஒரு காரைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். பிரிக்கும்போதும் மாட்டும்போதும் பக்கத்தில் நின்று, யாரும் கேட்காமலேயே யோசனை சொன்னது நான்தான்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத இங்கிலீஷ் கார். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருஷங்களில் சீமையில் செய்தது. சிறுமலைப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனது. சின்னத்தா கண்டெடுத்தபோது அது வத்தலக்குண்டில் ஒரு கொட்டகையில் கிடந்தது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்துதான் வண்டியை எடுத்துவந்தார். அவர் சுபாவமே அப்படி. எதற்கும் அவசரப்படமாட்டார்.

நெட் சென்டரில் உட்கார்ந்து தேடித் தேடி இங்கிலாந்திலிருந்து பார்சலில் சாமான் வரவழைத்தார். சீட்டுக்கு மட்டும் எங்கள் தோல் ஷாப்பிலேயே பதனிட்ட ஆட்டுத்தோல். அத்தா தன் கையால் பொறுக்கிக் கொடுத்த தோல் அது. ஆனால் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் அதே அத்தாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கடைசியில் பச்சை பெயிண்ட் அடித்து, கம்பி வைத்த சக்கரங்களைத் துடைத்து, காரைத் தெருவுக்குக் கொண்டுவந்தார் சின்னத்தா. தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் சோதனை ஓட்டம். பக்கத்து சீட்டில் நான், என் மடியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். பேகம்பூரிலிருந்து புறப்பட்டுக் கடைவீதியெல்லாம் தாண்டும்வரை கார் ஜோராகப் போகும். நீலக் கேட் வைத்த ஒரு வீடு இருக்கும் வளைவுக்கு வந்ததும் பொசுக்கென்று நின்றுவிடும். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும் அதே இடத்தில்தான்.

அது எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரின் வீடு. எங்கள் ஜமாஅத்துதான். எனக்கு அறிவியல் எடுத்தவர். சின்னத்தா இறங்கி பானட்டைத் திறந்து, துடைத்த இடத்தையே துடைப்பார். செத்த நேரத்தில் டீச்சர் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீரோடு கேட்டுக்கு வருவார்.

"இன்னைக்கும் நின்னுருச்சா?"

"ஆமாங்க. சூடாயிருது."

முதல் தடவை அவர் சொம்போடு வந்தபோதே நான் குறுக்கே விழுந்தேன். "சின்னத்தா, நம்மகிட்டதான் பாட்டில்ல அம்புட்டுத் தண்ணி இருக்கே!"

சின்னத்தா பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். டீச்சர்தான் பதில் சொன்னார். "அது போர் தண்ணி, உப்பு. இஞ்சினுக்கு ஆகாது. இது குழாய்த் தண்ணி."

அறிவியல் டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்போது எங்கள் ஊரில் நல்ல தண்ணீர்க் குழாய் பத்து நாளைக்கு ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். வந்த தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து, துணி கட்டி மூடி வைப்பார்கள். அந்தத் தண்ணீரில் நான் கை கழுவினால் எங்கள் அம்மா முதுகில் ஒன்று வைப்பார்.

ஊருக்குள் கேலி பரவிவிட்டது. ஷாப்புக்கு வந்தவர்கள் எல்லாம் அத்தாவிடம், தம்பி கார் இன்றைக்கு எங்கே நின்றது என்று துக்கம் விசாரித்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது அத்தா வெடித்துவிட்டார்.

"பக்ரீத் பெருநாளைக்குள்ள ஒழுங்கா ஓடலேன்னா எடைக்குப் போட்டுருவேன். ஓடாத காரைக் கட்டிக்கிட்டு அழுவுறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

"பெருநாள் கழியட்டும்ணே," என்றார் சின்னத்தா தட்டைப் பார்த்துக்கொண்டே. "நானே ஒரு விஷயம் சொல்லணும்."

கொடைக்கானலுக்குக் காரிலேயே கூட்டிப்போகப் போகிறார், அதுதான் விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அத்தாவின் பேச்சு மனதில் தைத்துவிட்டது. கார் ஓடினால்தான் சின்னத்தாவுக்குக் கல்யாணம். அவர் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்பது அந்த வளைவு. ஆகவே வளைவை நான் ஒரு கை பார்ப்பதென்று முடிவெடுத்தேன்.

யோசித்ததில் விஷயம் பிடிபட்டது. இஞ்சினில் கோளாறு என்றால் வெவ்வேறு இடத்தில் நிற்க வேண்டும். நிற்குமுன் சின்னத்தாவின் இடது கை சாவிப் பக்கம் போவதையும் பார்த்திருந்தேன். பாவம், நின்றுவிடாமல் காப்பாற்றப் பார்க்கிறார். ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் அது கண்ணேறுதான், சந்தேகமில்லை.

கண்ணேறுக்கு எங்களிடம் வைத்தியம் உண்டு. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்து தொழுதவர்கள் வெளியே வரும்போது, பள்ளிவாசல் வாசலில் பெண்கள் பிள்ளைகளையும் தண்ணீர்ப் பாத்திரங்களையும் ஏந்தி நிற்பார்கள். தொழவைக்கும் ஹஜ்ரத் ஓதி ஊதிக் கொடுப்பார். நானும் பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

"யாருக்கும்மா?"

காருக்கு என்றால் விரட்டிவிடுவார். "எங்க வீட்ல ஒருத்தருக்கு ஹஜ்ரத். போய்க்கிட்டே இருக்கும்போது திடீர்னு நின்னுருது."

"யா அல்லா! வயசு எம்புட்டு?"

"அம்பதுக்கு மேல."

ஹஜ்ரத் கண்ணை மூடி நெடுநேரம் ஓதினார். மற்றவர்களுக்கு ஒருமுறை ஊதியவர் என் பாட்டிலில் மூன்றுமுறை ஊதினார். பெரிய ஆஸ்பத்திரியிலும் காட்டச் சொன்னார்.

மறுநாள் மதியம் சின்னத்தா அசந்த நேரம் பார்த்து, பாட்டில் முழுவதையும் ரேடியேட்டரில் கவிழ்த்துவிட்டேன். அஸர் முடிந்து புறப்பட்டோம். வளைவு வந்தது. நீலக் கேட் முன்னால் நாலைந்து பேர் பந்தலுக்கு மூங்கில் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். சின்னத்தாவின் இடது கை சாவிவரை போயிற்று. அப்படியே திரும்பி ஸ்டீயரிங்குக்கு வந்தது. கார் நிற்கவில்லை!

நான் சீட்டில் எழுந்து நின்று கைதட்டினேன். ஓதிய தண்ணீர் சங்கதியைக் கொட்டித் தீர்த்தேன். "இனிமே நிக்கவே நிக்காது, பாருங்க!"

"ஆமா புள்ள," என்றார். "சரியாயிருச்சு."

ஒட்டன்சத்திரம் சாலையில் வெகுதூரம் போனோம். தக்காளி லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போயின. கார் ஒரு இருமல்கூட இருமவில்லை. இவ்வளவு பெரிய வெற்றிக்கு அவர் ஒரு ஐஸ்கிரீமாவது வாங்கித் தந்திருக்கலாம் என்று எனக்குக் கோபமே வந்தது. திரும்பும்போது வேறு தெரு வழியாக வந்தார். அத்தாவுக்கு ஒரே சந்தோஷம்.

"இப்பத்தான்டா இது காரு. பெருநாள் முடியவும் உனக்குப் பொண்ணு பாக்குறோம். ஏதோ விஷயம் சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்லண்ணே."

என் சாதனையை நான் சும்மா விடவில்லை. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். தினமும் தண்ணீர் கொடுத்த டீச்சரிடம் சொல்லாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று அடுத்த நாள் நீலக் கேட்டுக்கும் போனேன். பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். உள்ளே டீச்சருக்கு ஒரு கையில் மருதாணி வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வெளியூராம். என்னைக் கண்டதும் டீச்சர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், இனிமே எங்க கார் உங்க வீட்டு முன்னாடி நிக்காது," என்றேன் பெருமையாக. "நான் சரி பண்ணிட்டேன். நீங்க தண்ணி எடுத்துட்டு வரவேணாம்."

என்னைப் பாராட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ உள்ளே போய், மருதாணி வைக்காத கையால் அதே பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடி."

"தாகமில்ல டீச்சர்."

"இருந்தாலும் குடி."

கல்யாண வீட்டில் ஒரு மிட்டாய்கூடத் தராமல் வெறும் தண்ணீரைத் தருகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். மரியாதைக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு, அவர் உள்ளே திரும்பியதும், மீதியைக் கேட்டோரத்துக் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தேன்.

குழாயில் தண்ணீர் வந்து அன்றைக்கு ஒன்பது நாள்.