ஜன்னலுக்குக் கீழே குந்தியிருந்தவள்

என் கணவரோடு மதராஸில் படித்த நண்பர் ஒருவர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அவருக்குப் பரம்பரைச் சொத்து இருந்தது; அதனால் உத்தியோகம் இல்லை. புகைப்படம் எடுப்பதுதான் வேலை. கல்யாணக் கூட்டத்தை வரிசையாக நிறுத்தி எடுக்கிற படமில்லை, கலைப்படம். கண்காட்சிகளுக்கு அனுப்புவார், பரிசு வாங்குவார். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் லீவு போட்டுவிட்டு அவருடைய காமிராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தார்.

எனக்கு யாரையும் பார்க்கப் பிடிக்காத காலம் அது. அந்தத் தை மாதம்தான் எங்கள் முதல் பிள்ளை காய்ச்சல் கண்டு போய்விட்டாள். தவழத் தொடங்கியிருந்தாள். வந்தவருக்குச் சோறு போடுவேன், காபி கொடுப்பேன், அடுக்களைக்குள் போய்விடுவேன்.

திருவிழாக் கூட்டத்தில் அவர் நினைத்த மாதிரி ஒரு படமும் அமையவில்லையாம். தபசு முடிந்த மறுநாள் காலையில் காபி டம்ளரோடு முன்னறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். கிழக்கு வெயில் கம்பிகளுக்கிடையே சாய்ந்து தரையில் விழுந்திருந்தது.

"சிஸ்டர், இங்க வந்து கொஞ்சம் உட்காருங்க. கையில ஒரு குழந்தை இருந்தாப் பிரமாதமா இருக்கும்" என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ஒரே ஒரு படந்தானட்டி" என்றார்.

எங்கள் பின்வீட்டில் ஒருத்தி இருந்தாள். தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவள். அவளுக்கு ஒரு கைப்பிள்ளை இருந்தான். என் கணவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவள் பிள்ளையைக் குளிப்பாட்டி, கன்னத்தில் பெரிதாகத் திருஷ்டிப் பொட்டு வைத்து, ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"எம்பிள்ளைய போட்டோ பிடிக்கப் போறாவளாமே மதினி!" என்று சிரித்தாள்.

நண்பர் அவளை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலைக் கறைப் பல்லையும், துருத்திக்கொண்டிருந்த தோள் எலும்பையும், ஒட்டுப்போட்ட சேலையையும் பார்த்தார். "அம்மா வேண்டாம். குழந்தையை மட்டும் வாங்கிக்குங்க" என்றார். பிறகு பிள்ளையின் முகத்தைத் திருப்பி, "என்ன இது கறை?" என்றார்.

"கண்ணு படாம இருக்க வச்சதுய்யா."

அவர் கைக்குட்டையின் நுனியில் எச்சிலைத் துப்பினார். அதைக்கொண்டே பிள்ளையின் கன்னத்தைத் தேய்த்துப் பொட்டை அழித்தார். பெற்றவளின் சிரித்த வாய் மூடிக்கொண்டது.

பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். அவன்மேல் நூலுக்குப் போடுகிற கஞ்சியின் மணம் அடித்தது. எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் எத்தனையோ மாதம் கழித்துக் கையில் ஒரு பிள்ளையின் கனம். உட்கார்ந்திருந்தேன். கண் நிறைந்தது.

"அவங்க முகத்துல அந்தத் துக்கம் அப்படியே நிக்குது பார். பேச்சுக் கொடுத்துக் கலைச்சிடாதே" என்று அவர் என் கணவரிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

பிள்ளை அம்மாவைத் தேடி அழ ஆரம்பித்தான். அதற்கும் அவர் வழி கண்டுபிடித்தார். அவளை வெளியே தெருவில் ஜன்னலுக்குக் கீழே குந்த வைத்து, தலை தெரியாமல் கூப்பிடச் சொன்னார். வெயில் ஏறிய மண்ணில் குந்திக்கொண்டு, "மக்கா, இங்கன பாரு, அம்மைட்ட வா" என்று அவள் கூப்பிட்டாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் கையை நீட்டினான். அந்த நேரத்தில் படம் எடுத்தார்.

கார்த்திகையில் மதராஸிலிருந்து படம் வந்தது. பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டமும் அடித்து அனுப்பியிருந்தார். பரிசு வாங்கிய படம் என்று கடிதமும் வைத்திருந்தார். பெயர் 'நம்பிக்கை'. ஜன்னல் வெளிச்சம் வருங்காலமாம், குழந்தை நீட்டுகிற கை புதிய தேசமாம், கண்ணீரோடு இருக்கிற தாய், அடிமைக் காலத்தில் பட்ட கஷ்டமெல்லாமாம். என் கணவர் இதை ஆபீஸில் எல்லாரிடமும் சொன்னார். முன்னறையில் ஆணியடித்து மாட்டினார்.

பிறகு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். புதிதாக மாற்றலாகி வந்த ஒருவரின் மனைவி, "பிள்ள தூங்குதானா?" என்று கேட்டாள். அன்றைக்கே படத்தைக் கழற்றச் சொன்னேன்.

"அடுத்த பிள்ளைக்கு நல்ல சகுனமா இருக்கட்டுமேட்டி" என்றார் கணவர். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

ஒருநாள் பின்வீட்டுக்காரி மோர் வாங்க வந்தாள். படத்தை அப்போதுதான் பார்த்தாள். வெகுநேரம் நின்றாள்.

"கைய நீட்டுதது என்னையத்தான் மதினி" என்றாள். "நான் அங்கன கீழதான இருக்கேன்." கண்ணாடிமேல் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "பொட்ட அழிச்சிட்டாவளே" என்றாள்.

"இத நீ வச்சுக்கிடுதியா?"

"எனக்கு எம்பிள்ள போதும் மதினி. ஒங்க படம் எனக்கு எதுக்கு?"

நான் சட்டத்தைக் கழற்றினேன். படத்தை உருவி, கத்தரிக்கோலால் பிள்ளையை மட்டும், நீட்டிய கை போய்விடாமல் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். அவள் முந்தானையில் பொதிந்துகொண்டு போனாள். என் மடியில் ஓட்டை விழுந்த மிச்சத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

சாயங்காலம் கணவர் வெறும் சுவரைப் பார்த்துக் கத்தினார். "பரிசு வாங்குன படம்ட்டி! புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

"யாரு பெத்த பிள்ளைய வச்சு யாரு பரிசு வாங்குதது?" என்றேன். அவர் பல நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த ஆடிக்கு நண்பர் மறுபடியும் வந்தார். சுவரைப் பார்த்துக் கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கண் விரிந்தது.

"குழந்தை இல்லாம வெறும் கை மட்டுமா? சிஸ்டர், அது இதைவிடப் பெரிய படம்! அந்த மிச்சம் எங்க? அதே வெளிச்சத்துல வச்சு எடுத்துடறேன்."

"அடுப்புல போட்டுட்டேன்."

அவர் ச்சொ என்று உச்சுக்கொட்டினார். எங்கள் மகள் போன செய்திக்குக்கூட அவர் அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார்.

"நீ கெளம்புடே. ரயிலுக்கு நேரமாச்சு" என்றார்.

"இப்பத்தானேடா வந்தேன்? மதராஸ் ரயிலே சாயங்காலந்தானே?"

"ஸ்டேஷன்ல போய் இரி."

நண்பர் சிரித்துப் பார்த்தார். என் கணவர் சிரிக்கவில்லை. காமிராப் பெட்டியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, வழியனுப்பத் தெருமுனைவரைகூடப் போகவில்லை.

நண்பர் குடித்துவைத்த காபி டம்ளரை நான் கொல்லைக்கு எடுத்துப்போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கணவர் கிணற்றடிக்கு வந்து நின்று எனக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.